முதுகு காட்டிய கச்சேரி

எத்திசையில் நின்று கூப்பிட்டாலும் அத்திசைக்கே முகமாய் நிற்பவளே, புறம் என்று ஒன்று இல்லாதவளே, பார்க்கிறவர் கண்ணில் பழுதிருந்தும் பார்க்கப்படுகிற தன்னில் குறை காட்டாதவளே, பூங்குழல்நல்லூரில் கோயில்கொண்ட பூங்குழலம்மையே, உன் திருவடியில் தலைவைத்து இந்தக் கதை தொடங்குகிறது. மனிதருக்கும் மனிதர் கட்டிய மனைக்கும் நீ முன்னும் பின்னும் வைத்தாய். முன்னை அழகுக்கு வைத்தாய், பின்னை எதற்கு வைத்தாய் என்பதைக் கேட்கிறவர் உள்ளத்தில் நீயே இருந்து சொல்லுவாயாக.

பூங்குழல்நல்லூரின் நடுவில், ஆற்றுக்கும் கோயிலுக்கும் இடைப்பட்ட மேட்டில், துரைமார் காலத்தில் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய ஆட்சியர் அலுவலகம் நின்றது. வாசற்பலகையில் எத்தனை முறை பெயர் மாற்றி எழுதினாலும் ஊரார் வாயில் அது கச்சேரிதான். கிழக்கு நோக்கிய அதன் முகப்பில் வளைவுக்கு மேல் வளைவாக வராந்தா எழும்பி, நடுவில் குதிரைவண்டி வந்து நிற்பதற்கான போர்ட்டிகோவைத் தாங்கி, உச்சியில் ஒரு மணிக்கூண்டைத் தலையில் சும்மாடு வைத்தாற்போல் சுமந்திருந்தது. காலை வெயில் அந்தச் செங்கல்லில் விழுகிறபோது, அபிஷேகம் முடிந்து அலங்காரத்துக்குக் காத்திருக்கிற திருமேனியைப் போல அது ஈரமாய்ச் சிவக்கும் என்று சொல்லுவார் கோமதிநாயகம்.

கோமதிநாயகம் பொதுப்பணித் துறையின் செயற்பொறியாளர். கச்சேரியைப் பராமரிக்கும் பொறுப்பு அவருடையது. இளம் பொறியாளராக வந்த நாளில் அதன் முன்னால் நின்றவர், தலை நரைத்துப் பணி ஓய்வு நெருங்குகிற நாளிலும் அதே இடத்தில் நின்றார். விடியலில் அம்மையைத் தொழுது, நெற்றியில் நீறு துலங்க, பதிகம் ஒன்றை உதட்டுக்குள் உருட்டிக்கொண்டே வந்து, சாலையோரத்து வாகை மரத்தடியில் நின்று முகப்பைக் கண்ணாரப் பார்த்த பிறகுதான் அவருக்குக் காப்பி இறங்கும். பதவி உயர்வோடு வந்த இடமாற்றங்களை அவர் யார் யாரையோ பிடித்துத் தட்டிக்கழித்தார். அமைச்சர் வருகிறார் என்றால் முகப்புக்குச் சாயம், ஆளுநர் வருகிறார் என்றால் முகப்புக்கு விளக்கு, சுதந்திர தினம் என்றால் முகப்புக்குத் தோரணம்; எந்த ஒதுக்கீடு வந்தாலும் அது முகப்புக்கே போய்ச் சேர்ந்தது. பின்புறம் என்று ஒன்று உண்டு என்பது அவருக்கு வரைபடத்தில் தெரியும். அங்கே ஓடாத ஜீப்புகள் நின்றன, சுவரைக் கோவைக்கொடி மூடியிருந்தது, எந்த அமைச்சரும் அந்தப் பக்கம் வந்ததில்லை.

பங்குனித் திருவிழாவின் ஆறாம் நாள் கச்சேரி மண்டகப்படி. அன்று அம்மை பல்லக்கில் எழுந்தருளி, கோயிலை விட்டு இறங்கி, கச்சேரியின் போர்ட்டிகோவில் வந்து நிற்பாள். சுண்டலும் பானகமும் நிவேதனமாகும். பட்டர் அம்மையின் பட்டை எடுத்து, அந்தக் கட்டடத்தைக் காக்கிறவன் என்ற முறையில் கோமதிநாயகத்தின் தலையில் பரிவட்டமாகக் கட்டுவார். ஆட்சியர்கள் வந்தார்கள், போனார்கள். பரிவட்டம் மட்டும் அவர் தலையிலேயே இருந்தது. அந்த ஒரு நாழிகைக்காக அவர் ஆண்டு முழுவதையும் வாழ்ந்தார் என்றால் அது மிகையில்லை.

அப்படியிருக்கையில் தலைநகரிலிருந்து ஓர் உத்தரவு வந்தது. காலம் கெட்டுக்கிடப்பதால், பழம்பெருமை வாய்ந்த அரசுக் கட்டடங்களைச் சுற்றி ஆள் உயரத்துக்கு மேல் எஃகு வேலி போட வேண்டும். முன்வாசலுக்கு நேராக ஒரே ஒரு கேட் இருக்க வேண்டும். உள்ளே போகிறவரும் வெளியே வருகிறவரும் அந்த ஒரு வழியில்தான் நடக்க வேண்டும். வேலியைத் திட்டமிடக் காவல் துறையின் பாதுகாப்புப் பிரிவிலிருந்து ஆய்வாளர் நவமணி என்ற அம்மாள் வந்து சேர்ந்தார். கடற்கரைப் பக்கத்து ஊர்க்காரர், வெயிலில் கறுத்த முகம், இடுப்பில் வாக்கிடாக்கி, கையில் எந்நேரமும் ஒரு பொட்டலம் காராச்சேவு. கச்சேரியின் முன்னால் ஜீப்பை விட்டு இறங்கியவர் அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை.

"பில்டிங் சுத்தளவு எவ்வளவு சார்?" என்று கேட்டார்.

கோமதிநாயகத்துக்கு அந்தச் சொல் காதில் மண் விழுந்தாற்போல் இருந்தது. "அது பில்டிங் இல்லை அம்மா, கச்சேரி" என்றார்.

"சரி சார், கச்சேரி. சுத்தளவு?"

நிலம் அளக்கிற வேலையில் ஒரு முறை உண்டு: இருவர் எதிரெதிரே நிற்க வேண்டும், அளக்கப்படுவது நடுவில் இருக்க வேண்டும். அவ்வாறே கோமதிநாயகம் அளவுகோலோடு கிழக்கே தம் வாகை மரத்தடியில் நின்றார். நவமணி மற்றொரு கோலோடு மேற்கு எல்லைச் சாலைக்குப் போனார். சுண்ணாம்புத் தூளால் வேலியின் கோடு போடப்பட்டது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கோமதிநாயகம் நெற்றி வியர்வையைத் துடைத்து நிமிர்ந்தபோது முகப்பின் வளைவுகள் சற்றே சாய்வாய்த் தெரிந்தன. பிறகு வடக்குச் சுவர் தெரிந்தது. பின்னர், தயிர் கடைகிற மத்து கடைசிச் சுற்றில் தயங்கித் திரும்புவதைப் போல, ஓசையில்லாமல், உள்ளே மேசைமேல் இருந்த தம்ளரின் தண்ணீர் தளும்பாமல், கச்சேரி அடித்தளத்தோடு முழுவதுமாகத் திரும்பி, தன் முகத்தை நவமணிக்கும் தன் முதுகைக் கோமதிநாயகத்துக்கும் கொடுத்து நின்றது.

வாக்கிடாக்கியில் நவமணியின் குரல் வந்தது. "சார், முன்வாசல் கிழக்கன்னுதான சொன்னீங்க? இங்கன இருக்கு."

அன்று மாலை கோமதிநாயகம் மேலதிகாரிக்குத் தொலைபேசியில் விவரத்தைச் சொன்னார். கட்டடம் திரும்பாது, அளந்தவர்தாம் திரும்பி நின்றிருப்பார் என்று சொல்லி அவர் வைத்துவிட்டார்.

ஊர் அதை ஏற்றுக்கொண்ட விதம் இப்படி. முதலில் மின்வாரியத்தார் வந்து, எதற்கும் இருக்கட்டும் என்று கம்பியைத் தாராளமாய் நீட்டிவிட்டுப் போனார்கள். நகராட்சியார் தண்ணீர்க் குழாயில் இரும்பை எடுத்துவிட்டு ரப்பரை மாட்டினார்கள். மேற்கே முகப்பு போனதால் அங்கே நின்ற ஓடாத ஜீப்புகளை ஆட்சியர் அப்புறப்படுத்தச் சொல்ல, அவை கண்ணுக்குத் தெரியாத வேறோர் இடத்துக்குத் தள்ளப்பட்டன. கச்சேரி நாளும் திரும்பத் தொடங்கியதும் நகரப் பேருந்தின் நடத்துநர்கள் "கச்சேரி முன்பக்கம் இறங்கு, கச்சேரி பின்பக்கம் இறங்கு" என்று அன்றன்றைய நிலவரப்படி கூவினார்கள். மனுக் கொடுக்க வருகிற கிராமத்து ஜனங்கள், காலையில் ஆற்றுப்பாலத்தில் நின்று மணிக்கூண்டின் கடிகாரம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கண்டு, அதற்கேற்ற தெரு வழியாக நடந்தார்கள். கல்யாணப் பத்திரிகைகளில் 'கச்சேரிக்கு எதிரில்' என்று போடுவதை அச்சகத்தார் நிறுத்திக்கொண்டார்கள்.

அதோடு போயிருந்தால் நல்லது. ஆனால் முகம் என்று ஒன்று இருந்தால், அது யாருக்கு என்ற கேள்வி பிறந்துவிடுகிறது. முகப்பு தங்களை நோக்கி நின்ற நாளில் மேலத்தெருக்காரர்கள் மாடிக்கு மாடி விளக்குப் போட்டார்கள். மறுநாள் அது தெற்கே சாய்ந்ததும், தெற்குத்தெருவில் எவரோ சொக்குப்பொடி போட்டுவிட்டார்கள் என்று சண்டைக்குப் போனார்கள். கீழத்தெருவுக்கு மட்டும் பெரும்பாலும் முதுகுதான் கிடைத்தது. கீழத்தெருப் பெண்கள் குழாயடியில் தலை நிமிர்த்த முடியாமல் தண்ணீர் பிடித்தார்கள். "உங்க பக்கம் பாக்கக்கூடப் பிடிக்கலையாம்" என்று மேலத்தெருக்காரி ஒருத்தி சிரித்ததற்கு ஒரு செப்புக்குடம் நசுங்கிற்று. கீழத்தெருவில்தான் கோமதிநாயகத்தின் வீடும் இருந்தது.

யாருக்காகத் திரும்புகிறது என்பதைக் கண்டுபிடித்தவர், தள்ளுவண்டியில் தேநீர் விற்கிற நயினார் முகமது. முகப்பு எங்கேயோ அங்கே வண்டியை உருட்டிக்கொண்டு போவது அவருக்கு வழக்கமாகிவிட்டிருந்தது.

"அண்ணாச்சி, இன்னைக்குத் தெக்க" என்றார் ஒருநாள், தேநீரை ஆற்றிக்கொண்டே.

"எனக்கும் கண் இருக்கிறது, நயினார்."

"கோவிக்காதீக. நான் ஒரு சூட்சுமம் கண்டுபிடிச்சேன், அதச் சொல்லுதேன். அந்த இன்ஸ்பெக்டர் அம்மா எங்கன நிக்காகன்னு பாத்து வண்டிய உருட்டினா போதும். கச்சேரி பின்னாலயே வந்துருது. அவுக மேல அதுக்கு ஒரு இது."

"என்ன இது?"

"ஒரு இதுதான் அண்ணாச்சி. நான் சாயா ஆத்துதவன், அதுக்கு மேல எனக்கு என்ன தெரியும்? நீங்க வயசெல்லாம் இங்கன நின்னு பாத்திய. அது ஒரு நாளாச்சும் உங்களத் திரும்பிப் பாத்துச்சா? மொகராசின்னு ஒண்ணு இருக்குல்லா."

கோமதிநாயகம் பாதித் தேநீரை வண்டியிலேயே வைத்துவிட்டு நடந்தார். அன்று அவர் கவனித்தார். கவனிக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கவனித்தார். நவமணி மேற்கே நின்றால் முகம் மேற்கே. அவர் வளாகத்தின் தெற்கு ஓரத்தில் தமக்கு ஒதுக்கிய அறையில் உட்கார்ந்து காராச்சேவு தின்றால் முகம் தெற்கே. அந்த அறையை ஒதுக்கியவரே கோமதிநாயகம்தான். வளாகத்தின் வடக்கு ஓரத்தில் இருந்த தம் அலுவலகத்துக்கு எவ்வளவு தொலைவில் வைக்க முடியுமோ அவ்வளவு தொலைவில் வைத்தார். அந்த அம்மாள் ஒரு பக்கம் வந்தால் இவர் மறுபக்கம் போனார், கண்ணில் பட வேண்டாம் என்று. போன இடத்திலெல்லாம் அவருக்கு முதுகே கிடைத்தது. அருள் என்பது உழைப்புக்குக் கூலியாக வருவதில்லை என்று ஆயிரம் முறை படித்தவர் அவர். படித்துக் கண்ணீர் விட்டவர். ஆனால் அது பக்கத்தில் நிற்கிறவளுக்கு, அண்ணாந்தும் பாராதவளுக்கு, காராச்சேவு தின்கிறவளுக்கு வாரி வழங்கப்பட்டபோது, படித்ததெல்லாம் நெஞ்சில் நெருஞ்சிமுள்ளாய் விரிந்தது. எந்தக் குறை கண்டாய், எந்தப் பூசை தப்பினேன் என்று அவர் அந்தக் கோவைக்கொடிச் சுவரைப் பார்த்துக் கேட்கத் தொடங்கி, பார்க்கச் சகியாமல் தலையைக் குனிந்துகொண்டார்.

நவமணிக்கோ அது ஒரு தொந்தரவு.

"சார், முன்வாசலுக்கு நேரா ஒரே கேட்டுன்னு உத்தரவு" என்றார் ஒருநாள், ஆற்றுப்பாலத்தில் அவரைக் கண்டு நிறுத்தி, வரைபடத்தை ஜீப்பின் மேல் விரித்து. "வாசல் ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது. நான் எங்கன கேட் போட?"

"ஏன் நிற்கவில்லை என்று உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்கு எப்படி சார் தெரியும்? கச்சேரி உங்களுது."

உங்களுது என்ற அந்தச் சொல்லை அவர் வீடுவரை சுமந்துகொண்டு போனார். செருப்பில் ஏறிய ஆணியைப் போல அது அடிக்கு அடி குத்திற்று.

திருவிழாவுக்குக் கொடி ஏறப்போகிற வேளையில், மண்டகப்படி ஏற்பாட்டைப் பேசக் கோயில் மண்டபத்தில் கூடினார்கள். பட்டர் தொண்டையைக் கனைத்தார். "நாயகம் சார்வாள் தப்பா எடுத்துக்கக் கூடாது. கச்சேரியைக் காக்கிறவா தலையிலதானே பரிவட்டம். இப்போ கச்சேரியே இன்னார்னு முகம் காட்டி நிக்கறது. அதை மீறி நாம கட்டினா அம்பாளுக்கு அடுக்குமா?"

"அவங்க சர்ச்சுக்குப் போற வேதக்காரங்கல்லா?" என்று ஒருவர் கேட்டார்.

"செங்கல்லுக்கு அது தெரியலையே" என்றார் பட்டர். எல்லாரும் சிரித்தார்கள். கோமதிநாயகமும் சிரித்தார். அந்தச் சிரிப்பு முகத்தை விட்டு இறங்க நெடுநேரம் ஆயிற்று.

மறுநாள் நவமணி அலுவல் நிமித்தம் தலைநகருக்கு ரயிலேறினார். ரயில் பாலத்தைக் கடந்த ஓசை அடங்கியதும் கோமதிநாயகம், வெட்கத்தை விட்டு, காதலியைத் தனியே காணப் போகிற வாலிபனைப் போல வேட்டி மாற்றி நீறு பூசி, கச்சேரியின் முன்பக்கத்துக்குப் போனார். வடக்கே பார்த்துக்கொண்டிருந்த முகப்பு, அவர் அங்கே போய் நிற்கவும், மெல்லத் தெற்கே திரும்பிற்று. அவர் தெற்கே போனார். அது வடக்கே திரும்பிற்று. அவர் மேற்கே ஓடினார், மூச்சு வாங்க. கோவைக்கொடியும் பின்சுவரும் நிதானமாக வந்து அவர் முன்னால் நின்றன. உள்ளேயிருந்த குமாஸ்தாக்கள் வெயில் மாறி மாறிக் கண்ணில் அடிக்கிறது என்று சன்னல்களைச் சாத்தினார்கள்.

"பாவம், அந்தம்மா ஊர்ல இல்லன்னதும் நிலைகொள்ளாமச் சுத்துதே" என்றார் நயினார், எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் வண்டியோடு நின்று.

அன்றுதான் கோமதிநாயகத்தின் உள்ளம் கறுத்தது. அலுவலகத்துக்குப் போய்க் கதவைச் சாத்தி, வேலியின் வரைபடத்தை எடுத்து, எல்லைச் சாலையோரம் அகலமாய் ஓடிய கோட்டை அழித்தார். கட்டடத்தின் நான்கு மூலைகளையும் ஒட்டி, மூலைக்கும் கம்பத்துக்கும் நடுவில் ஒரு கை நுழையவும் இடமில்லாதபடி, இறுக்கமாக ஒரு சதுரம் வரைந்தார். பாதுகாப்பு என்று கேட்டால் இதைவிடப் பாதுகாப்பு இல்லை. எஃகுக் கம்பத்தை ஆழ நட்டுக் கான்கிரீட் போட்டுவிட்டால் அப்புறம் அது யாருக்காகத் திரும்பும் என்று பார்க்கலாம். முகப்பு கிழக்கே வருமாறு தாம் மேற்கே போய் நின்று, அந்த நிலையிலேயே பூட்டிவிடுவது. தமக்குத் திரும்பாத முகம் எவளுக்கும் திரும்ப வேண்டாம். திரும்ப முயன்றால் மூலை உடையும் என்பது பொறியாளராகிய அவருக்குத் தெரியாமல் இல்லை. உடையட்டும் என்று ஒரு குரல் உள்ளே சொல்லிற்று. அந்தக் குரல் தம்முடையதுதான் என்று அவர் அடையாளம் கண்டுகொண்டு, அதன் பிறகும் கோட்டை அழுத்தியே வரைந்தார். ஆட்கள் வந்து மூலைக்கு மூலை குழி தோண்டினார்கள். திங்கட்கிழமை நல்ல நேரத்தில் முதல் கம்பத்துக்கு மஞ்சள் குங்குமம் வைத்துக் கால்கோள் என்று முடிவாயிற்று.

இடையில் சனிக்கிழமை வந்தது. சனிக்கிழமை அவருக்கு எண்ணெய் முழுக்கு. முற்றத்தில் மணைப்பலகையைப் போட்டு உட்கார்ந்தார். அவர் மனைவி செண்பகவடிவு கிண்ணத்தில் காய்ச்சிய நல்லெண்ணெயோடு வந்து, தலையில் வைத்துத் தட்டிவிட்டு, முதுகுக்கு வந்தாள்.

"என்ன இது, தூண் மாதிரி இறுகிக் கிடக்கு. கொஞ்சம் குனிங்க."

அவர் குனிந்தார். தரையைப் பார்த்தபடியே கேட்டார்: "வடிவு, ஒருத்தர் ஒருத்தருக்கு ஓயாமல் முதுகைக் காட்டினால் என்ன அர்த்தம்?"

"யாரு, கச்சேரியா?"

"யாராவது."

அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "இப்ப நீங்க எனக்குக் காட்டிட்டுத்தான் உக்காந்திருக்கீங்க. என்ன அர்த்தத்துல காட்டுதீங்க?"

"இது வேறே."

"என்ன வேற? நயினாருக்குக் காட்டுவீங்களா இந்த முதுகை? பட்டருக்குக் காட்டுவீங்களா? ஊருக்கெல்லாம் சட்டையப் போட்டு மூஞ்சியக் காட்டுதீங்க, வீட்டுல வந்து சட்டையக் கழட்டி முதுகக் காட்டுதீங்க. தன் கை எட்டாத எடத்துல நோவுன்னா, மனுசன் யாருகிட்ட திரும்பி உக்காருவான்? எட்டுற கை யாருதோ அவங்ககிட்டத்தான்." பிறகு அவர் தோள்பட்டையின் கீழே ஓரிடத்தை அழுத்தி, "இங்கனதான?" என்றாள்.

அங்கேதான்.

கோமதிநாயகம் எழுந்தார். சீயக்காய் தேய்க்கவில்லை, வெந்நீர் ஊற்றவில்லை. எண்ணெய் வழிகிற தலையோடு, துண்டை மேலே போட்டுக்கொண்டு, கீழத்தெரு வாசலெல்லாம் பெண்கள் வாயில் கைவைத்துப் பார்க்க, நேரே கச்சேரிக்கு நடந்தார். முதுகு கிழக்கே அவருக்காக நின்றது. இந்த முறை அவர் தலையைக் குனிந்துகொள்ளவில்லை. கோவைக்கொடிக்குள் இரண்டு கையையும் விட்டுப் பற்றி இழுத்தார். கொடி, திரை விலகுவது போல, மேலிருந்து சரிந்து வந்தது.

கைப்பிடிச் சுவரின் உச்சியில் ஓர் அரசங்கன்று நின்றது. எந்த அரசாங்கக் கட்டடத்திலும்தான் அரசங்கன்று நிற்கும். ஊரே அதைப் பார்த்தது, ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. அதன் வேர், கொடிக்கு மறைவில், சுவரை உச்சி முதல் சன்னல் விளிம்பு வரை பிளந்துகொண்டு இறங்கியிருந்தது. பிளவின் இருபுறமும் செங்கல் ஈறு வீங்கினாற்போல் புடைத்திருந்தது. உள்ளே அவர் கையை விட்டார். மணிக்கட்டுவரை போயிற்று, முழங்கைவரை போயிற்று. ஈரமாக, சூடாக, நோயாளியின் உடம்பைப் போல அது அவர் கையைச் சுற்றி மூடிக்கொண்டது. எத்தனை காலம் என்று அவர் கேட்கவில்லை. முகப்புக்கு அவர் பூசிய ஒவ்வொரு சாயமும் அவர் கண்முன் வந்து போயிற்று.

"சார், என்ன சார் இது கோலம்?"

ரயிலடியிலிருந்து பையும் கையுமாக வந்த நவமணி அவர் பக்கத்தில் வந்து நின்றார். மூலையோரக் குழியைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், முதல்முறையாக அண்ணாந்து பார்த்தார். கச்சேரி திரும்பத் தொடங்கிய பிறகு இருவரும் அதன் ஒரே பக்கம் நின்றது அன்றுதான். கச்சேரி அசையாமல் இருவருக்கும் முதுகைக் கொடுத்து நின்றது.

நவமணிக்கு விளங்க நேரம் பிடிக்கவில்லை. "அப்ப என்னைப் பாக்கலையா அது?" என்றார். பையைக் கீழே வைத்தார். "நானும் நெனச்சேன் சார். எங்க வீட்டுலயே என்னை அப்படி ஒருத்தரும் பாத்ததில்ல, இது எதுக்குப் பாக்கப்போகுதுன்னு. ஆனா ஊரெல்லாம் சொல்லவும் கொஞ்சம் சந்தோசமாத்தான் இருந்துச்சு." பொட்டலத்தைப் பிரித்து நீட்டினார். "சாப்பிடுங்க. வெறும் வயித்துல நிக்கீங்க."

எண்ணெய்க் கையால் கோமதிநாயகம் அதை வாங்கித் தின்றார்.

குழிகள் அன்றே மூடப்பட்டன. அரசங்கன்றை வெட்டி எறிவது பாவமாகையால், வேரைப் பிரித்து வேப்பெண்ணெய் தடவி எடுத்து, கோயில் நந்தவனத்தில் கொண்டு நட்டார்கள். கட்டடத்தின் பின்புறம் சாரம் எழுந்தது. கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீரில் சுண்ணாம்பைக் குழைத்து, கொத்தனார்கள் ஒருபுறமும் கோமதிநாயகம் ஒருபுறமுமாகப் பிளவை அடியிலிருந்து அடைத்து வந்தார்கள். சுண்ணாம்பு இறுகுமுன் விட்டுவிட்டு வர முடியாது. ஆறாம் நாள் திருவிழாவிலும் வேலை நடந்தது. சாரத்தின் மேல் அவர் நின்றிருக்கையில், கட்டடத்துக்கு அந்தப் பக்கம் நாகசுரம் கேட்டது. பல்லக்கு வந்து போர்ட்டிகோவில் நின்றது கேட்டது. பட்டரின் குரல் கேட்டது, தேங்காய் உடைந்தது கேட்டது. பரிவட்டம் இந்நேரம் வேறொரு தலையில் ஏறியிருக்கும் என்று எண்ணியபோது நெஞ்சு ஒரு முறை சுருங்கி எரிந்தது. இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் கை பிளவுக்குள் இருந்தது; கையை எடுத்தால் சுண்ணாம்பு சரியும்; அவர் எடுக்கவில்லை.

சற்று நேரத்தில் நவமணி சுற்றிக்கொண்டு வந்தார். தலையில் பட்டு கட்டியிருந்தது, தொப்பி கக்கத்தில் இருந்தது.

"நான் வேண்டாம்னேன் சார், அவரு விடல. இதுக்கு மேல தொப்பி எப்படிப் போடுததுன்னு தெரியல." அவிழ்த்து மடித்து, சாரத்தின் கீழே சுண்ணாம்புச் சட்டியில் படாமல் வைத்தார். "உங்களுது."

அவர் கீழே பார்த்தார். "அங்கேயே இருக்கட்டும் அம்மா. கையெல்லாம் சுண்ணாம்பு."

அன்று மாலை பிளவு நிறைந்தது. கோமதிநாயகம் இறங்கி, பழக்கத்தால் கால் இழுத்துக்கொண்டு போக, கட்டடத்தைச் சுற்றி முன்பக்கம் வந்தார். கச்சேரி திரும்பவில்லை. வளைவுகளும் போர்ட்டிகோவும் மணிக்கூண்டும் மாலை வெயிலில் அவருக்கு நேராக நின்றன. இத்தனை நாள் ஏங்கிய முகம். அவர் பார்த்தார். புறா எச்சம் படிந்திருந்தது, ஒரு தூணில் சாயம் உரிந்திருந்தது, ஆனாலும் அழகுதான். கண்ணீர் வந்தது. பிறகு, புதுச் சுண்ணாம்பு வெயில் தாழ்வதற்குள் ஒரு தரம் நனைய வேண்டும் என்பது நினைவுக்கு வந்தது. அவர் முகத்தை விட்டுத் திரும்பி, வாளியை எடுத்துக்கொண்டு, பின்புறம் போனார்.

அதன் பிறகு கச்சேரி திரும்பவே இல்லை. அன்று நின்றபடி மேற்கு முகமாகவே இன்றும் நிற்கிறது. கீழத்தெருவார் தங்களுக்கு வாய்த்த முதுகைப் பற்றிப் பேசும்போது குரலைச் சற்று உயர்த்தியே பேசுகிறார்கள். வேலியும் வந்தது, சதுரமாக அல்ல, அகன்ற வட்டமாக, உள்ளே இருப்பது எந்நாளாவது மனம் மாறினால் திரும்ப இடம் விட்டு. ஒரே கேட் என்ற உத்தரவை மீறாமல் முகப்புக்கு நேராக ஒரு கேட். பின்புறம் ஒருவர் மட்டும் குனிந்து நுழையும் அளவுக்கு ஒரு திட்டிவாசல். அது கேட் அல்ல, மருத்துவ வழி என்று நவமணி எழுதிக் கையொப்பம் இட்டுவிட்டுப் போனார். அதன் சாவி கோமதிநாயகத்தின் இடுப்பில் தொங்கியது. ஓய்வு பெறுகிற அன்று அதை அடுத்து வருகிறவனிடம் கொடுக்க வேண்டும் என்று நினைக்கையில், இன்னும் ஊருக்கே வந்து சேராத அந்த முகமறியாதவன் மேல் அவருக்கு ஒரு பொறாமை எழுந்தது. எழட்டும் என்று விட்டு, வாளியில் தண்ணீர் மொண்டார்.

இதைக் கேட்டவர் யாராயினும், கேட்கச் சொன்னவர் யாராயினும், அவர்தம் முன்புறம் ஒளி பெறுக. அவரிடம் முதுகைத் திருப்பி நிற்கிறவரின் நோவை அவர் கண் காண்க. தம் கை எட்டாத இடத்தில் அவர்க்கு நோவு வருங்கால், எட்டுகிற கையொன்றைப் பூங்குழலம்மை பக்கத்தில் அமர்த்தி, இங்கேதானே என்று கேட்கச் செய்வாளாக.